ஏலுக்கா, ஆளுக்கா

வியாழன், 9 பெப்ரவரி 2006

மைனஸ் பதினொன்று. வானம் தெளிவு. வேலை முடிந்து வரும்போதே இருட்டு.

முதலில் கவனித்தது: போத்தல்களுக்குக் காலுறை. ஆள் பெட்டியைத் திறந்ததும் கண்ணில் பட்டது. மூன்று போத்தல், மூன்றுக்கும் தடித்த கம்பளிக் காலுறை, கழுத்துவரை இழுத்துவிட்டபடி. அவருடைய சட்டை அடியில் சுருண்டு கிடந்தது. அம்மாவுக்குக் கொண்டுவந்த சேலைப் பெட்டியின் மூலை நசுங்கியிருந்தது. போத்தல்களுக்கு ஒரு கீறலும் இல்லை.

ஆள்: சுரேன். லண்டன். அக்காவைப் பெண் பார்க்க நோர்வேக்கு வந்திருக்கிறார். படுக்கை எல்லிங்ஸ்ருட்டில் அவருடைய சித்தி வீட்டில், சாப்பாடு ஸ்டோவ்னரில் எங்கள் வீட்டில். திங்கள் காலை திரும்ப விமானம். அதற்கு முன், ஞாயிறு பின்னேரம், அக்கா ஓம் அல்லது இல்லை சொல்ல வேண்டும். ஓம் என்றால் ஜூலையில் கலியாணம், பிறகு லண்டன்.

இனி லண்டனைச் சுருக்கி ல. என்றே எழுதுவேன். முழுப் பெயர் எழுதினால் வீட்டு ஆள் மாதிரி ஆகிவிடும்.

அம்மா என்னைக் குசினிக்குள் பிடித்துக்கொண்டாள்.

"அத்தான் எண்டு கூப்பிடு பிள்ளை. ஒருக்காக் கூப்பிட்டால் வாய் தேய்ஞ்சு போகாது."

"இன்னும் அத்தானாகேல்லைத்தானே."

"மற்ற ஆக்களோடை உனக்கு வாய் திறக்காது. என்னோடை மட்டும் நல்லாத் திறக்கும்."

உண்மைதான்.

ல. பற்றித் தெரிந்தவை. கணினி வேலை. சின்ன வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் போனவர். சனி ஞாயிறுகளில் பழைய குடிசாலைகளைத் தேடிப் போவாராம். குடித்ததையெல்லாம் எழுதிப் புள்ளி போட இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருக்கிறாராம். பெண் வீட்டுக்கு வந்து இதைப் பெருமையாகச் சொல்லும் மாப்பிள்ளையை நான் கேள்விப்பட்டதில்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் அப்பா அன்றே சப்பாத்தை எடுத்துக் கொடுத்து அனுப்பியிருப்பார். இவருக்குச் சிரித்தார்.

"பியர் இல்லை அங்கிள். ஏல். இங்கிலிஷ் ஸ்ட்ரோங் ஏல். பழைய முறை."

"என்ன தம்பி ஏலும்?"

"ஏலும் இல்லை. ஏல்."

"ஏலுமெண்டால் சனிக்கிழமை பாப்பம்."

அக்கா தரைவிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோள் ஆடியது. சிரிக்கிறாளா தெரியவில்லை.

போத்தலில் ஒரு வண்டிக்குதிரைப் படம். கிழட்டுக் குதிரை. கண் ஒரு பக்கம் சரிந்து, கடன்காரனைப் போல் பார்க்கிறது.

அம்மா ஒரு போத்தலைப் பல்கனியில் வைத்தாள், ஆட்டிறைச்சிப் பெட்டிக்குப் பக்கத்தில். "மாப்பிள்ளை கொண்டுவந்த சாமான், குளிரட்டும்." மற்ற இரண்டும் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே.

நாளைக்கு: சப்பாத்துக் கயிறு வாங்க வேண்டும். பல் வைத்தியருக்கு அக்கா போன் எடுத்து என் திகதியை மாற்றித்தர வேண்டும். என் பெயரில், என் குரலில் கதைப்பாள். தொலைபேசியில் இரண்டு பேருக்கும் ஒரே குரல். எனக்கு அது வசதி. பள்ளிக்கூடம், வரிக் கந்தோர், வேலை இடம், எல்லாவற்றுக்கும் இதுவரை நானாகக் கதைத்தது அவள்தான். லண்டனிலிருந்தும் கதைப்பாளா? கேட்கவில்லை.


வெள்ளி, 10

மைனஸ் பதின்மூன்று. டி-பானா ரயில் பிந்தியது. பக்கத்தில் நின்ற கிழவர் முழு நேரமும் கையுறைக்குள் தும்மினார்.

வேலை: ஹோட்டல் துணிச் சலவை. இன்று மேசைவிரிப்பு முழுவதும். இயந்திரச் சத்தத்தில் எவரும் எவரோடும் கதைப்பதில்லை. அதனால்தான் இந்த வேலை பிடிக்கிறது.

வீட்டுக்கு வந்தால் எல்லோரும் பல்கனிக் கதவடியில். சாவீடு மாதிரி ஒரு அமைதி. எட்டிப் பார்த்தேன். போத்தல் வெடித்திருந்தது. கழுத்து தனியாக, உடம்பு தனியாக. நடுவில் பழுப்பு நிறத்தில் ஒரு பனிக்கட்டி, போத்தலின் வடிவத்திலேயே நிமிர்ந்து நின்றது. குதிரை அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"நல்ல காரியத்துக்கு வந்த சாமான். இப்பிடி வெடிச்சுப்போச்சே," என்று அம்மா.

"பியர் வெடிச்சால் என்ன கெட்டுப்போகும். பேசாமல் இரு," என்று அப்பா. ஆனால் அவர் முகமும் சரியில்லை.

எனக்குள்: ஒன்று போயிற்று, இரண்டு மிச்சம்.

ல. கத்துவார், அல்லது குறைந்தபட்சம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். எதிர்பார்த்தேன் என்றால் ஆசைப்பட்டேன். ஆள் கரண்டி கேட்டார். குந்தியிருந்து, கட்டியின் உச்சியில், கண்ணாடித் துண்டில்லாத இடமாகப் பார்த்துச் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டார்.

"தம்பி, கண்ணாடி, கண்ணாடி," என்று அம்மா.

"ஆக்சுவலி அன்ரி, தண்ணிதான் முதல் உறையும். மிச்சம் இன்னும் ஸ்ட்ரோங்கா வரும். நல்லாத்தான் இருக்கு." பிறகு இன்னொரு கரண்டி சுரண்டி அக்காவின் பக்கம் நீட்டினார். "வாணி, ஐஸ்பழம் வேணுமோ?"

அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். மூக்கால் கொஞ்சம் சத்தம் வரும், பிறகு வாயைப் பொத்துவாள். எங்கள் அறைக்குள், கதவு சாத்தியபின் மட்டும் வருகிற சிரிப்பு. வெளி ஆளுக்கு முன்னால் அது வந்ததை இன்றுதான் கேட்டேன். ஒரு கரண்டி அழுக்குப் பனிக்கு.

பல்கனியைச் சுத்தம் செய்தது நான். ல. உதவிக்கு வந்தார். வேண்டாம் என்று தலையாட்டினேன். சரி என்று போய்விட்டார். இன்னொரு தரம் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தாலும் வேண்டாம் என்றுதான் ஆட்டியிருப்பேன், அது வேறு விஷயம்.

கயிறு வாங்க மறந்துவிட்டேன்.


சனி, 11

மேகம். மைனஸ் எட்டு. காலையில் உளுந்து அரைத்தது, மீன் வெட்டியது, கண்ணாடி அலுமாரியிலிருந்த கால் வைத்த கிளாஸ்களைக் கழுவியது. அந்தக் கிளாஸ்கள் இந்த வீட்டில் பார்க்க மட்டும்தான் இருந்தன.

எங்கள் வீட்டில் வழக்கம்: ஆம்பிளைகள் வரவேற்பறையில் விஸ்கி, பொம்பிளைகள் குசினியில் பொரியல். ல. வந்து இருந்ததும் முதல் வேலையாக அதை மாற்றினார்.

"எல்லாரும் குடிச்சுப் பாக்கோணும் அங்கிள். அன்ரி, வாணி, மது, எல்லாரும்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தொலைக்காட்சியைப் பார்த்தார். அதில் யாரோ பனியில் சறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு சொட்டுத்தானே. மருந்து மாதிரி," என்றார் அப்பா.

எனக்குச் செப்டெம்பரில் பதினெட்டு முடிந்துவிட்டது. நாட்டுச் சட்டத்தில் பிழையில்லை. அப்பாவின் சட்டம் வேறு. அக்காவுக்கு இருபத்தாறு, அவளுக்கே அந்தச் சட்டம் இன்னும் இருந்தது. அதையும் மாப்பிள்ளை ஒரு வசனத்தில் தூக்கிவிட்டார். இத்தனை வருடம் நாங்கள் கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

ஊற்றினார். மெதுவாக, கிளாஸைச் சரித்து, கோயிலில் பால் ஊற்றுகிற கவனத்தோடு. குளிராக்கக் கூடாதாம், அறைச் சூட்டில்தான் குடிக்க வேண்டுமாம். அம்மா தலை குனிந்தாள், வெடித்த போத்தலுக்காக. பிறகு எல்லோரும் மூக்கைக் கிளாஸுக்குள் விட வேண்டும்.

"பிளம்ஸ் மணக்குதோ அன்ரி?"

"ஓம் தம்பி. வடிவா மணக்குது. பாயாசத்துக்குப் போடுறது."

"பாயாசத்துக்கோ?"

அம்மாவுக்குப் பிளம்ஸ் என்றால் காய்ந்த முந்திரிகைப் பழம், உலர் திராட்சை. யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் அப்படித்தான். ல. சொன்னது ஊதா நிறப் பழத்தை. இரண்டு பேரும் தலையை ஆட்டிக்கொண்டு வேறு வேறு பிளம்ஸை மணந்து பார்த்தார்கள். அக்கா திருத்தவில்லை. நானும்.

என் குறிப்பு, இங்கே மட்டும்:

நிறம், கழுவாத தேநீர்க் கோப்பையின் அடி. நுரை, பெயருக்கு. மணம், அம்மாவின் பிளம்ஸ் ஓரளவு உண்மை, அதற்குப் பின்னால் சோயா சோஸ், அதற்கும் பின்னால் மழையில் நனைந்த மட்டைப் பெட்டி. வாயில் வைத்ததும் இனிப்பு. இருமல் மருந்து இனிப்பு. பிறகு கைப்பு. பாகற்காய் முதல் கடியிலேயே தன்னைச் சொல்லிவிடும். இது இனிப்பாக உள்ளே வந்து, வசதியாக இருந்துகொண்ட பிறகு கைக்கிறது. எழும்பிப் போகவும் இல்லை. விழுங்கியபின் தொண்டையில் சூடு, நெஞ்சில் சூடு, காதில் சூடு. காதுச் சூடு ஏலால் அல்ல. ல. என் பக்கம் திரும்பியிருந்தார்.

"மதுவுக்கு மது எப்பிடி?"

இந்தப் பகிடியைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பொடியன்கள் எனக்குப் பன்னிரண்டு வயதாகும்போதே சொல்லி முடித்துவிட்டார்கள். லண்டனுக்கு இப்போதுதான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. ருசி என்ன?"

எல்லோரும் பார்த்தார்கள். வகுப்பில் எழுந்து நின்று கதைக்க வேண்டிய நாட்களில் வருகிற அதே வெறுமை. நாக்கு இருக்கிறது, சொல் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் ஒருவரும் இல்லை.

"கைக்குது."

"கையிலயோ? கையில என்ன?"

அப்பா பலமாகச் சிரித்தார். "கைக்குது எண்டால் கசக்குது தம்பி. உங்களுக்கு லண்டனில தமிழும் தட்டுப்பாடோ?"

"ஓ. பிட்டர்." ல.வும் சிரித்தார். "கைக்குது. நல்ல சொல். என்ர பக்கத்தில போடுறன்."

என்னுடைய ஒரே சொல். அதையும் கொண்டுபோகிறார்.

பிறகு புள்ளி போட வேண்டும். அக்கா விளையாட்டுப் பெட்டியிலிருந்து தாயக்கட்டைகளை எடுத்து வந்தாள். "இஞ்சத்தைப் பேப்பருகளில படத்துக்கும் சாப்பாட்டுக்கடைக்கும் தாயக்கட்டை போட்டுத்தான் மார்க்ஸ் குடுக்கிறவை. ஒண்டிலையிருந்து ஆறு. உங்கட கிளாஸுக்கு முன்னால ஒவ்வொரு கட்டையை வையுங்கோ."

எந்தப் பக்கம் நல்லது என்று அவள் சொல்லவில்லை. இந்த நாட்டில் அதை யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆறுதான் உயர்ச்சி.

ல. ஐந்து. அம்மா ஆறு, யோசிக்காமல். அப்பா யோசித்து இரண்டு.

நான் ஒன்று. நடுவில் ஒரு புள்ளி. அதை வைத்தபோது எனக்கு நல்ல சந்தோஷம். எழுதி வைக்கிறேன், நல்ல சந்தோஷம்.

ல.வின் சிரிப்பு அப்படியே நின்றது. அக்கா என்னைப் பார்த்தாள்.

அப்பாதான் முதலில். "ஏன் தம்பி முகம் வாடுது? எனக்கு விஸ்கி முதலாவது, அதுக்கு அடுத்த இடம் உங்கட சாமானுக்கு. மதுவைப் பாருங்கோ. முதலாமிடமே குடுத்திட்டாள். கதைக்கமாட்டாள், ஆனால் மனசில உள்ளது வந்திட்டுது பாத்தீங்களோ." பிறகு அம்மாவிடம், "நீ ஏனப்பா பிள்ளையின்ர சாமானை ஆறாமிடத்துக்குத் தள்ளினனி?"

அம்மா பதறித் தன் கட்டையையும் ஒன்றுக்குத் திருப்பி வைத்தாள்.

இது அப்பாவின் பழைய பிழை. பள்ளிக்கூடப் புள்ளியும் ஒன்றிலிருந்து ஆறுதான், எனக்கு வாய்மொழிப் பரீட்சைக்கு ஒன்று வந்தது. எழுந்து நின்றேன், ஒன்றும் வரவில்லை, இருந்தேன், அதற்கு ஒன்று. பெற்றோர் கூட்டத்துக்குப் போய்வந்த அக்கா, "ஒண்டு" என்று மட்டும் அப்பாவிடம் சொன்னாள். அப்பா தான் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக் குசினி முழுவதும் சொல்லித் திரிந்தார், சின்னவள் முதலாம் பிள்ளை என்று. போன வருடம் நான் படிப்பை விட்டபோது, "முதலாம் பிள்ளைக்கு ஆரோ கண் வைச்சிட்டினம்" என்றார். யாருடைய கண் என்று இன்னும் யோசிக்கிறார்.

"தாங்க்ஸ் மது," என்றார் ல. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அக்காவின் கிளாஸுக்கு முன்னால் கட்டை இல்லை. "நான் நாளைக்கு வைக்கிறன்," என்றாள்.

"நாளைக்கு ஏல் செத்துப்போயிடும்."

"பரவாயில்லை."

சாப்பாட்டுக்குப் பிறகு குசினியில் அவள் கழுவ நான் துடைத்தேன். தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு, மெதுவாக:

"அந்த ஒண்டு ஏலுக்கா, ஆளுக்கா?"

நான் கிளாஸைத் துடைத்தேன். துடைத்ததையே மறுபடியும்.

"இப்ப சொல்ல வேண்டாம். நாளைக்குச் சொல்லு. ஏலுக்கு எண்டால் ஒரு பிரச்சினையும் இல்லை. ஆளுக்கு எண்டால் நான் இல்லையெண்டு சொல்லிப்போடுவன். பகிடி இல்லை மது."

"உனக்குப் பிடிச்சிருக்கோ?"

"உன்னைத்தான் கேட்டனான்."

அவ்வளவுதான். ஒரு வார்த்தை. என்னிடம் வார்த்தை கேட்பது எவ்வளவு பெரிய வேலை என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவளே கேட்கிறாள்.


ஞாயிறு, 12

மைனஸ் ஐந்து, பனித்தூறல். தலை கனம். அந்த ஒரு வாய்க்குத் தலை கனக்காது, ஆனாலும் பழியைக் குதிரைமேல் போடுகிறேன்.

காலை உலாத்தல். அம்மாவின் ஏற்பாடு. அக்காவும் ல.வும் முன்னால், நான் பின்னால். என் வேலை, மூன்றாவது ஆள். மாடிக் கட்டிடங்களுக்குப் பின்னால் உள்ள மேட்டுப் பாதை. ல.வின் சப்பாத்து லண்டன் சப்பாத்து, தோல் அடி, பளபளப்பு. ஒவ்வொரு அடியும் வாத்து நடை.

மேட்டில் அக்கா வேலை செய்யும் சிறுவர் பள்ளிப் பிள்ளை ஒன்று சறுக்கு வண்டியில் சறுக்கிக்கொண்டிருந்தது. அக்காவைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. நானும் ல.வும் நின்றோம். நான் மரத்தைப் பார்த்தேன்.

"உண்மையாப் பிடிச்சதோ? ஏல்?"

தலையாட்டினால் முடிந்தது. அப்பாவின் பிழை எனக்கு நல்ல மறைப்பு. ஆனால் அந்தக் கைப்பு நினைவு வந்தது.

"இல்லை."

"தெரியும். நேற்றே விளங்கினது. ஆறுதான் கூட எண்டு, வாணி கட்டையைக் கொண்டுவந்து வைக்கேக்கையே."

"அப்ப ஏன் தாங்க்ஸ் சொன்னனீங்கள்?"

"வேறை என்ன சொல்லுறது? அங்கிள் அவ்வளவு சந்தோசமா இருந்தவர்." கைகளை ஊதிக்கொண்டார். "சரி, ஏன் ஒண்டு? கைக்குது எண்டால் காணாது. எல்லா ஏலும் கைக்கும்."

"நனைஞ்ச மட்டை மணம். சோயா சோஸ்."

"சோயா சோஸ் ஓம். மட்டை இல்லை. மட்டை இருந்தால் நான் கண்டுபிடிச்சிருப்பன்."

"இருந்தது."

"இல்லை மது. எத்தினை போத்தல் குடிச்சிருப்பன்."

"குடிச்சுக் குடிச்சு மூக்குச் செத்திருக்கும்."

இதை நான்தான் சொன்னேன். வாய் தானாகச் சொன்னது. ல. கோபிக்கவில்லை, யோசித்தார். அது இன்னும் எரிச்சல்.

"வேறை?"

"இருமல் மருந்து."

"அது லக்ரிஸ் ருசி."

"இஞ்சத்தைக் கறுப்பு லக்ரிஸ் முட்டாய் நாங்கள் சின்னனிலையிருந்து தின்னுறனாங்கள். இது லக்ரிஸ் இல்லை."

அவர் விடவில்லை. நானும் விடவில்லை. பள்ளிக்கூடம் விட்டபின் வெளி ஆளோடு இவ்வளவு கதைத்ததில்லை. படித்தபோதும் இல்லை. வெட்கத்துக்கும் எரிச்சலுக்கும் ஒரே இடம்தான் போலிருக்கிறது, ஒன்று வந்தால் மற்றது எழும்ப வேண்டியிருக்கிறது.

பிறகு அவரே கெடுத்தார்.

"பாத்தீங்களோ, நல்லாத்தானே கதைக்கிறீங்கள். வாணி சும்மா பயப்பிடுறா. நீங்கள் வெளியாக்களோடை கதைக்கமாட்டீங்கள், தான் போனால் என்ன செய்வீங்கள் எண்டு. அந்தத் துரொண்ட்ஹெய்ம் மாப்பிள்ளையையும் அதுக்காகத்தானே வேண்டாம் எண்டவ."

துரொண்ட்ஹெய்ம் மாப்பிள்ளை போன வருடம் அந்த ஊரிலிருந்து அக்காவைப் பார்க்க வந்தவர். எனக்குச் சொல்லப்பட்டது, சாதகம் பொருந்தவில்லை என்று.

என் முகத்தைப் பார்த்திருப்பார். "உங்களுக்குத் தெரியாதோ? ஐயோ. சொல்லியிருக்கக்கூடாது."

நான் மறுபடியும் மரத்தைப் பார்த்தேன்.

"மது, நான் அவவைப் பறிச்சுக்கொண்டு போக வரேல்லை."

வேறு எதற்கு வந்தது, ஏல் விற்கவா? இதைச் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

திரும்பி வரும்போது வழுக்கி விழுந்தார், மல்லாக்க. அக்கா கை கொடுத்து எழுப்பினாள். முதுகு முழுவதும் பனி ஒட்டியிருந்தது. பின்னால் வந்தவள் நான், எனக்குத்தான் தெரியும். சொல்லவில்லை. வீடுவரை வெள்ளை முதுகோடு நடந்தார்.

பின்னேரம். அறையில். வெளியே அப்பாவும் ல.வும் சறுக்கல் பார்க்கிறார்கள். அப்பா நோர்வேகாரர் வென்றால் மட்டும் கை தட்டுகிறார்.

ல.வுக்கு எதிராக: காலுறை. பகிடி. மற்றவர் சொல்லை எடுப்பது. என்னைப் பற்றித் தெரிந்திருப்பது. வாத்து நடை. நாற்பது வயதில் தொப்பை வரும், நிச்சயம். அவர் போகிற வழியில் அக்காவும் போவாள்.

ஆதரவாக: உறைந்ததைச் சுரண்டித் தின்றது. அப்பாவைத் திருத்தாதது. நான் சொன்னதற்கு எதிராகக் கதைத்தது. எல்லோரும் என்னிடம் ஓம் ஓம் என்பார்கள், நோயாளியிடம் சொல்வதுபோல. இவர் மட்டை இல்லை என்றார்.

மட்டை இருந்தது.

அக்கா வந்து கதவைச் சாத்தினாள். புதுச் சேலை, தலையில் பூ இல்லை, பெப்ரவரியில் எங்கே பூ.

"சொல்லு. ஏலுக்கா, ஆளுக்கா?"

"துரொண்ட்ஹெய்ம் ஆளுக்குச் சாதகம் பொருந்தேல்லையோ?"

அவள் என் கட்டிலில் இருந்தாள். "ஆர் சொன்னது?"

"உன்ர லண்டன்."

"விசரன்," என்றாள். அந்தச் சொல்லை அவள் சொன்ன விதம், ஏற்கெனவே தன் பொருள் என்பதுபோல.

"பொருந்தினதோ?"

"பொருந்தினது."

"என்னைக் கேட்டிருக்கலாம்."

"கேட்டால் தலையை ஆட்டியிருப்பாய். எந்தப் பக்கம் ஆட்டினனி எண்டுகூடத் தெரிஞ்சிருக்காது." சேலை நுனியை விரலில் சுற்றினாள். "இப்ப கேக்கிறன்தானே."

"ஏலுக்கு ஒண்டு. எண்டைக்கும் ஒண்டு."

"சரி. ஆளுக்கு?"

ஒன்று என்று வாய்வரை வந்தது. சொன்னால் அவள் இங்கேயே இருப்பாள். இந்த அறை, இந்த இரண்டு கட்டில், பல் வைத்தியரோடு என் குரலில் கதைக்க அவள். அவளுக்கு முப்பது, முப்பத்தைந்து. நான் துடைத்த கிளாஸையே துடைத்துக்கொண்டு பக்கத்தில். அப்பா ஊரெல்லாம் சொல்வார், இந்த மாப்பிள்ளைக்கும் சாதகம் பொருந்தவில்லை என்று.

நாலு என்று சொன்னால் பொய். அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

"ரெண்டு."

அக்கா என்னைப் பார்த்தாள். மூக்கால் சத்தம் வந்தது.

"ரெண்டெண்டால் பாஸ்."

பள்ளிக்கூடக் கணக்கு. ஒன்று தோல்வி. இரண்டு என்றால் தேர்ச்சி, மயிரிழையில்.

"மட்டுமட்டாய்," என்றேன்.

"மட்டுமட்டாய்," என்று அவளும் சொல்லிவிட்டு எழும்பினாள். கண்ணாடியில் முகத்தைப் பார்த்தாள், கண்ணின் கீழே விரலால் துடைத்தாள், போனாள்.

கதவுக்குள்ளால் கேட்டது.

"ஓம் அப்பா."

தொலைக்காட்சி நின்றது. அம்மாவின் அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாத சத்தம். பிறகு அப்பா, "மது என்ன சொன்னவள்? அவளைக் கேட்டனியோ?"

"கேட்டனான். ரெண்டு குடுத்தவள்."

"ரெண்டாமிடமோ?" அப்பாவின் குரல் இறங்கியது. "அப்ப முதலாம் ஆள் ஆர்?"

ல. சிரித்த சத்தம் சுவருக்குள்ளால் வந்தது. பெரிய சிரிப்பு. அடக்கவில்லை.

கூப்பிட்டபின்தான் வெளியே போனேன். "அத்தானுக்குத் தேத்தண்ணி குடு," என்றாள் அம்மா. கொடுத்தேன். "இந்தாங்கோ," என்றேன். அத்தான் என்று சொல்லவில்லை.


திங்கள், 13

மைனஸ் மூன்று. பனி. ல. போயாயிற்று. மிச்சமிருக்கும் ஒரு போத்தலை அப்பா அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்துவைத்திருக்கிறார். வைக்க வைக்க நல்லாகுமாம். நம்பவில்லை. கெட்டது வயதானால் வயதான கெட்டது.

கயிறு வாங்கினேன். மண்ணிறம்தான் இருந்தது.

வேலையில் சுவரில் ஒரு அறிவித்தல்: கோடை விடுமுறை யாருக்கு எப்போது வேண்டும் என்று இந்தக் கிழமைக்குள் மேற்பார்வையாளரிடம் கேட்க வேண்டும். ஜூலைக்கு எல்லோரும் அடிபடுவார்கள். காலையில் ஸ்டோவ்னர் நிலையத்தில் அக்கா சொன்னாள், "மத்தியானம் நான் போன் அடிச்சு, நீயாக் கதைச்சுக் கேக்கிறன்." சும்மா வழக்கமாகச் சொன்னாள், கைப்பையில் சீட்டுத் தேடிக்கொண்டே.

"வேண்டாம்," என்றேன்.

"அப்ப ஆர் கேக்கிறது?"

ரயில் வந்துவிட்டது.

மத்தியானம் இயந்திரங்களை நிறுத்திய நேரம். ஜூலை, மூன்று கிழமை, அக்காவின் கலியாணம். நோர்வேஜிய மொழியில் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். கலியாணம் என்ற சொல்லில் ஒவ்வொரு தரமும் தடக்கியது. மேற்பார்வையாளர் தன் அறையில் தனியாக இருந்து பாண் தின்றுகொண்டிருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது.

தட்டினேன்.